குடும்ப வாட்ஸ்அப் குழு: இரண்டடித் தொட்டிக்கு எந்தெந்த மீன்கள்?

வெள்ளிக்கிழமை

நான், இரவு 8:12
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதக் கடைசியில் சின்னவனுக்கு ஒன்பது வயது நிறைகிறது. ஓராண்டாக அவன் கேட்டுக்கொண்டிருக்கும் மீன் தொட்டியை இந்தப் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். எங்கள் பினாங்கு ஜெலுத்தோங் வீட்டு வரவேற்பறையில் இரண்டடி நீளத் தொட்டி ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது. அவன் எழுதித் தந்த பட்டியலை அப்படியே தருகிறேன்: தங்க மீன் இரண்டு, சண்டை மீன் ஒன்று, நியான் டெட்ரா பத்து, வால் நீண்ட கப்பி ஐந்து, தொட்டியைச் சுத்தம் செய்யப் பண்டாராயா மீன் ஒன்று. இவையெல்லாம் ஒரே தொட்டியில் ஒத்துப்போகுமா? பெரியண்ணா, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

தம்பி, இரவு 8:15
அக்கா, பண்டாராயா மீனை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாசியையும் கழிவையும் அதுவே தின்றுவிடும் என்பதால் உங்களுக்குப் பாதி வேலை குறையும் என்று நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பெரியண்ணன், இரவு 8:34
தங்கச்சி, பிள்ளையின் ஆசைக்குக் குறுக்கே நிற்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த ஐந்து வகைகளையும் ஒரே தொட்டியில் விட்டால் அவன் கண்முன்னேயே ஒவ்வொன்றாகச் சாகும். கடையில் எல்லா மீன்களும் இரண்டு விரல்கடை நீளத்தில் இருப்பதால் அவை குஞ்சுகள் என்பதே நமக்கு மறந்துபோகிறது. தங்க மீன் ஒழுங்காக வளர்ந்தால் ஒரு சாண் நீளத்தைத் தொடும். சிறு மீன்களைவிடப் பல மடங்கு கழிவை வெளியேற்றும். அதோடு குளிர்ந்த நீரை விரும்பும். நம் வீடுகளிலோ தொட்டி நீர் 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. இரண்டடித் தொட்டி என்றால் 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம். கணக்குப்படி 54 லிட்டர் கொள்ளும். மணலும் செடியும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர் அளவுக்குத்தான் நீர் நிற்கும். அது இரண்டு தங்க மீன்களுக்கே போதாது. ஆகவே அவற்றை முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

பெரியண்ணன், இரவு 8:41
தம்பி, பண்டாராயா மீனைப் பற்றி நீ கேள்விப்பட்டதைத்தான் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கடைக்காரர் ஒருவர் எனக்கும் சொன்னார். நானும் நம்பி வாங்கினேன். பண்டாராயா என்றால் மலாயில் மாநகரம்; நகராட்சி ஊழியர்களைப் போலத் துப்புரவு செய்யும் என்பதால்தான் அதற்கு இங்கே அந்தப் பெயரே வந்தது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் ஓரடிக்கு மேல் வளரும். அது தின்னும் பாசியைவிட அது போடும் கழிவு அதிகம் என்பதை, வடிகட்டியை வாரம் இருமுறை கழுவ வேண்டி வந்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

அண்ணி, இரவு 8:46
அதைவிட மோசமானதை நான் சொல்கிறேன். ஒருநாள் விடியற்காலை நான்கு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து விளக்கைப் போட்டேன். பண்டாராயா மீன் தூங்கிக்கொண்டிருந்த தங்க மீனின் விலாவில் வாயை ஒட்டவைத்து உரசிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தட்டிய பிறகுதான் விலகியது. அந்த இடத்தில் செதில் இல்லாமல், ஐம்பது காசு நாணயம் அளவுக்கு வெளுத்த திட்டு இருந்தது. தங்க மீன் நான்கு நாள்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே நீந்திவிட்டு இறந்தது. எங்கள் மகள் அப்போது அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. சின்னவனுக்கு அந்த அனுபவம் வேண்டாம்.

தம்பி, இரவு 8:49
இது எனக்குத் தெரியாது, அண்ணி. அந்தப் பண்டாராயா மீனைப் பிறகு என்ன செய்தீர்கள்?

பெரியண்ணன், இரவு 8:53
பெரிய குளம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எடுத்துக்கொண்டார். வளர்க்க முடியாமல் பலர் ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். அப்படிப் பெருகியதால்தான் கிள்ளான் ஆற்றிலும் லங்காட் ஆற்றிலும் வலை போட்டால் அந்த மீனே அகப்படுகிறது. எந்த மீனானாலும் வாய்க்காலிலோ ஆற்றிலோ விடக்கூடாது என்பதைச் சின்னவனுக்கு இப்போதே சொல்லிவையுங்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நான், இரவு 9:02
பண்டாராயாவையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன், அண்ணா. மீதம் இருப்பவை சண்டை மீன், நியான், கப்பி ஆகிய மூன்றும். இவை சிறியவைதானே?

பெரியண்ணன், இரவு 9:20
அளவு பொருந்துகிறது, குணமும் நீரும் பொருந்தவில்லை. ஆண் சண்டை மீனுக்கு, விரிந்த வாலும் பளிச்சென்ற நிறமும் உள்ள எதைக் கண்டாலும் இன்னோர் ஆண் சண்டை மீன் வந்துவிட்டதாகத் தோன்றும். வால் நீண்ட ஆண் கப்பி அதன் கண்ணில் அப்படித்தான் படும். கப்பியின் வால் நுனி முதலில் ரம்பம் போலக் கிழியும், பிறகு குட்டையாகும், பிறகு பூஞ்சை பிடிக்கும். சில நேரம் இது தலைகீழாகவும் நடக்கும்: சுறுசுறுப்பான கப்பிகள் கூட்டமாகச் சேர்ந்து, மெதுவாக நீந்தும் சண்டை மீனின் வாலைக் கொத்தித் தின்னும். அதோடு, பெண் கப்பி ஒன்று சேர்ந்துவிட்டால் நான்கு வாரத்திற்கு ஒருமுறை இருபது, முப்பது குட்டிகள் போடும். 45 லிட்டர் நீருக்கு அந்தப் பெருக்கம் தாங்காது.

நியான் டெட்ரா அமேசான் காட்டு ஓடைகளைச் சேர்ந்தது; 22 முதல் 26 டிகிரி வரைதான் அதற்கு இதமான வெப்பம். நம் ஊர் வெக்கையில் சில மாதங்கள் இருக்கும், பிறகு காரணம் தெரியாமல் ஒவ்வொன்றாக மறையும். அந்த நீலச் சிவப்புக் கோடு பிள்ளைக்குக் கட்டாயம் வேண்டுமென்றால், அதற்கு நெருங்கிய உறவான கார்டினல் டெட்ரா வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும்.

அக்கா மகள், இரவு 9:27
சித்தி, கோலாலம்பூரிலிருந்து ஒரு சொல். மாமா சொல்வதெல்லாம் சரி. ஆனால் எந்த மீனைத் தேர்ந்தெடுத்தாலும், தொட்டியை வாங்கிய அன்றே மீனையும் வாங்கிவிடாதீர்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா அதற்கே நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், அந்த நைட்ரைட்டை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியின் பஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். முதன்முறையாக மீன் வளர்ப்பவர்களின் மீன்கள் முதல் இரண்டு வாரத்தில் சாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பார்ப்பவர்களோ மீன்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நான், இரவு 9:33
அப்படியானால் பிறந்தநாளுக்கு மீனே இருக்காதா, அம்மு? அவன் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

பெரியண்ணன், இரவு 9:40
இருக்கும், தங்கச்சி. இன்னும் ஐந்து வாரங்கள் இருப்பது நல்லதாயிற்று. தொட்டியை நாளையே வாங்குங்கள். என் தொட்டியில் இரண்டு ஆண்டுகளாக ஓடும் வடிகட்டியிலிருந்து ஒரு பஞ்சை எடுத்து, என் தொட்டி நீரிலேயே நனைத்துப் பையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் பிறை ஊரிலிருந்து பினாங்குப் பாலம் கடந்து கொண்டுவருகிறேன். அதை உங்கள் வடிகட்டிக்குள் வைத்துவிட்டால் நுண்ணுயிர்கள் விரைவாகப் பரவும். நீங்கள் நாளும் ஒரு சிட்டிகை மீன் தீனியைத் தொட்டியில் போட்டுவாருங்கள்; அது அழுகித் தரும் அம்மோனியாதான் அவற்றுக்கு உணவு. அந்தப் பஞ்சைக் குழாய் நீரில் மட்டும் கழுவிவிடாதீர்கள், குளோரின் எல்லாவற்றையும் கொன்றுவிடும். தொட்டியில் ஊற்றும் நீரிலும் கடையில் விற்கும் குளோரின் நீக்கியை முதலில் கலக்க வேண்டும்.

சனிக்கிழமை

சித்தப்பா, காலை 6:48
எல்லாருடைய செய்திகளையும் இப்போதுதான் படித்து முடித்தேன். சுங்கைப் பட்டாணி பக்கம் நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது, தோட்டத்து வாய்க்காலில் சண்டை மீனைக் கையால் அள்ளிப் பிடித்துக் கண்ணாடிப் புட்டியில் வளர்த்தோம். இரண்டு புட்டிகளை அருகருகே வைத்து, நடுவில் ஓர் அட்டையைச் செருகியிருப்போம். அட்டையை உருவிய நொடியில் இரண்டும் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் வந்து மோதும். அப்போது அது எங்களுக்கு விளையாட்டாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்த மீன்களுக்கு நாள் முழுதும் எவ்வளவு வேதனை என்று தோன்றுகிறது. பேரனுக்குச் சண்டை மீன்தான் வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று வாங்கிக் கொடுங்கள். கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்துச் சினந்துகொண்டே இராதபடி தொட்டிக்குள் நிறையச் செடி வையுங்கள்.

பெரியண்ணன், காலை 7:15
சித்தப்பா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். சண்டை மீன் நீர்மட்டத்திற்கு வந்து காற்றையும் சுவாசிக்கும் இனம் என்பதால், மேலே இரண்டு விரல்கடை இடைவெளி வேண்டும். துள்ளி வெளியே விழும் என்பதால் மூடியும் வேண்டும்.

இப்போது என் பரிந்துரையைச் சொல்கிறேன். நம் வீட்டு நீரும் வெப்பமும் எந்த மீனுக்குப் பிறந்த வீடோ, அந்த மீனையே வாங்குங்கள். தீபகற்ப மலேசியாவின் கரிச்சதுப்பு ஓடைகளில் தேநீர் நிறத் தண்ணீரில் வாழும் ஹார்லிகுவின் ரஸ்போரா என்ற சிறு மீன் இருக்கிறது. ஜெர்மானிய விலங்கியலாளர் டுங்கர் 1904ஆம் ஆண்டிலேயே அதை விவரித்துப் பெயரிட்டார். செம்பு நிற உடலில் நடுவிலிருந்து வால்வரை கறுப்பு முக்கோணம் ஒன்று இருக்கும். நான்கைந்து சென்டிமீட்டருக்கு மேல் வளராது, எவரையும் கொத்தாது. ஆனால் கூட்டமாகத்தான் வாழும். இரண்டு மூன்று மட்டும் வாங்கினால் அஞ்சி மூலையில் ஒதுங்கி நிறம் வெளுத்துவிடும். எட்டு வாங்குங்கள். அவை எட்டும் ஒரே வீச்சில் திரும்பும்போது பிள்ளை நியானை மறந்துவிடுவான். என் தொட்டியில் ஒருமுறை ஒரு சோடி, அகன்ற இலையின் அடிப்பக்கத்தில் தலைகீழாகக் கவிழ்ந்து முட்டையிட்டதைப் பார்த்துக்கொண்டு நான் வேலைக்குத் தாமதமாகப் போனேன்.

தரைக்குக் கூலி லோச் ஐந்து. விலாங்குக் குஞ்சு போல, மஞ்சளும் பழுப்புமாகப் பட்டை போட்ட மீன் அது. அதுவும் நம் தென்கிழக்காசிய ஓடைகளைச் சேர்ந்ததுதான். மீசையால் மணலைத் துழாவி, மற்றவை விட்ட தீனியைத் தின்னும். கூர்மையான சரளைக் கல் அதன் வயிற்றைக் கீறிவிடும் என்பதால் மெல்லிய மணல்தான் போட வேண்டும். வடிகட்டியின் உறிஞ்சுவாய்க்குள்ளும் புகுந்துவிடும். அதற்குப் பஞ்சு உறை மாட்டுங்கள்.

தம்பி, காலை 7:31
அண்ணா, ரஸ்போராக்களோடு சண்டை மீனை விடலாமா? கப்பிக்கு ஆனது அவற்றுக்கும் ஆகாதா?

பெரியண்ணன், காலை 7:44
நல்ல கேள்வி. ரஸ்போராவுக்கு நீண்ட வால் இல்லை, விரைவாக நீந்தும், நடுநீரில் கூட்டமாக இருக்கும். ஆகவே பெரும்பாலான சண்டை மீன்கள் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. ஆனாலும் சண்டை மீனுக்கு மீன் குணம் மாறுபடும். ரஸ்போராவை முதலில் விட்டு, அவை தொட்டியில் பழகிய பிறகு சண்டை மீனைக் கடைசியாக விடுங்கள். முதலில் வந்தது தனக்கென ஓர் எல்லையைப் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் காரணம். அது விரட்டிக்கொண்டே இருந்தால் சின்னவனிடம் சொல்லித் தனித் தொட்டிக்கு மாற்றிவிடலாம். என்னிடம் ஓரடித் தொட்டி ஒன்று சும்மா இருக்கிறது. அப்படி மாற்ற நேர்ந்தால் அதன் இடத்தில் ஒரு தேன் கௌராமி விடுங்கள். மிகச் சாந்தமான மீன். சண்டை மீனையும் கௌராமியையும் மட்டும் ஒன்றாக விடவேண்டாம், இரண்டும் ஒரே குலம், மோதிக்கொள்ளும்.

அண்ணி, காலை 7:52
கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) மரத்தின் காய்ந்த இலை ஒன்றிரண்டைக் கழுவிப் போட்டால் நீர் இளம்பழுப்பாகும், இந்த மீன்களுக்கு மிகவும் பிடிக்கும். சாலையோரத்து இலை வேண்டாம், புகை படிந்திருக்கும். இன்னொன்று: இரண்டு வாளி நீரை எப்போதும் பிடித்து வையுங்கள். 2024 ஜனவரியில் பினாங்கில் நான்கு நாள்கள் நீர் தடைபட்டபோது, சேமித்து வைத்த அந்த நீரால்தான் எங்கள் தொட்டி பிழைத்தது.

நான், காலை 8:10
சின்னவனைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். தங்க மீனுக்குச் சற்று முகம் வாடினான். கறுப்பு முக்கோணம் எப்படி இருக்கும் என்று படத்தைக் காட்டியதும் எட்டு போதுமா, பத்து வேண்டாமா என்று கேட்கிறான். எட்டு ரஸ்போரா, ஐந்து கூலி லோச், ஒரு நீலச் சண்டை மீன் என்று புதுப் பட்டியல் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறான்.

ஐந்து வாரங்களுக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை

நான், காலை 10:05
படத்தைப் பாருங்கள். அம்மோனியா சோதனைக் குழாயில் நேற்றும் இன்றும் மஞ்சள் நிறம்தான். பச்சை துளியும் இல்லை. நைட்ரைட்டும் சுழியம்.

அக்கா மகள், காலை 10:09
மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை, சித்தி. முதலில் ரஸ்போரா எட்டை மட்டும் விடுங்கள். பையை இருபது நிமிடம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டி நீரைப் பைக்குள் சேர்த்து, பிறகு வலையால் எடுத்து விடுங்கள்; கடைத் தண்ணீரை உள்ளே ஊற்றவேண்டாம். இரண்டு வாரம் கழித்துக் கூலி லோச், அதற்கும் பிறகு சண்டை மீன். வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள்.

நான், மாலை 5:40
விட்டாயிற்று. ஒரு மணிநேரம் செடிக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. இப்போது எட்டும் வெளியே வந்து ஒன்றாகத் திரும்புகின்றன. சின்னவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறான்.

சித்தப்பா, மாலை 5:58
பேரனிடம் சொல்லுங்கள், இன்று தீனி வேண்டாம். நாளைக் காலை இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குப் போட்டால் போதும்.