‘பாட்டி வீடு’ குழு: பிளஸ் டூ ரிசல்ட் வந்த மூன்றாம் நாள் இரவு

அம்மா: அக்கா, தூங்கிவிட்டீர்களா? குட்டி இன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. என்னடா படிக்கப் போகிறாய் என்றால் “தெரியல”. ஒரே சொல். இவர் வேறு சத்தம் போட்டுவிட்டார்.

பெரியம்மா: ரிசல்ட் வந்து மூன்று நாள்தானே ஆகிறது, அதற்குள் என்ன சத்தம்? நல்ல மார்க்தானே.

மாமா: இதில் யோசிக்க என்ன இருக்கிறது அக்கா? கம்ப்யூட்டர் சயின்ஸ். கட்-ஆஃப் எவ்வளவு?

அம்மா: 526.

மாமா: அது 600க்கு. பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் 200க்கு.

அக்கா (பெரியம்மா மகள்): நான் போட்டுவிட்டேன் மாமா. கணிதம் 88 அப்படியே. இயற்பியல் 82இல் பாதி 41, வேதியியல் 86இல் பாதி 43. மொத்தம் 172. உயிரியலில் 94 வாங்கியிருக்கிறான், அது இந்தக் கணக்கில் வரவே வராது. பாவம்.

மாமா: 172க்குப் பெரிய கல்லூரி கஷ்டம். ஆனால் நல்ல பிரைவேட் பார்க்கலாம். உடனே விண்ணப்பித்துவிடுங்கள்.

அக்கா: விண்ணப்பிக்கட்டும், தப்பில்லை. கலந்தாய்வுக்குப் பதிவு செய்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்று இல்லையே. ஆனால் “தெரியல” என்பது அவனுடைய உண்மையான பதில். நான் பிளஸ் டூ முடித்தபோது பேங்க் ஆபீசர் என்று சொன்னேன். எதையாவது சொன்னால்தான் நீங்கள் எல்லோரும் கேட்பதை நிறுத்துவீர்கள் என்று.

பெரியம்மா: அடிப்பாவி! அதை நம்பி ஊர் முழுக்கச் சொன்னேனே.

அக்கா: பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் வருஷத்தில்தான் எனக்கு புரோகிராமிங் பிடித்தது. டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.சி.ஏ. சேர்ந்தேன், இரண்டே வருஷம். பிளஸ் டூவில் கணிதம் இருந்தால் பி.எஸ்சி. முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகவும் சேரலாம். இந்த மே மாதமே எல்லாம் முடிவாக வேண்டியதில்லை.

சித்தி: மாவு அரைத்துக்கொண்டிருந்தேன், இப்போதுதான் பார்க்கிறேன். போன லீவில் தூத்துக்குடி வந்தானே, மீன்பிடித் துறைமுகத்தில் இரண்டு மணி நேரம் நின்றான். ஒவ்வொரு மீனுக்கும் பெயர் கேட்டு ஏலக்காரரிடம் திட்டு வாங்கினான். இங்கே மீன்வளக் கல்லூரி 1977இல் இருந்து இருக்கிறதே, அதைப் பார்த்தால் என்ன?

மாமா: மீன் பிடிக்க நான்கு வருஷமா?

சித்தி: பிடிப்பது இல்லை தம்பி. எதிர் வீட்டுப் பெண் அங்கேதான் பி.எஃப்.எஸ்சி., அதாவது மீன்வள அறிவியல் படிக்கிறாள். குளத்துத் தண்ணீரைச் சோதிப்பது, இறாலுக்கு வரும் நோய், மீனைப் பதப்படுத்துவது என்று என்னென்னவோ சொல்வாள். வங்கிகளில் விவசாயக் கள அலுவலர் தேர்வுக்குக்கூட இந்தப் பட்டம் செல்லுமாம்.

அக்கா: பாருங்கள், கடைசியில் பேங்க் ஆபீசர்!

அக்கா: அந்தப் படிப்புக்கு உயிரியல் வேண்டும், அவனிடம் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் அது வராது. அந்தக் கல்லூரி நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது, அதற்குத் தனி விண்ணப்பம்.

அப்பா: அவன் வாயால் சொன்னால் வேண்டாம் என்றா சொல்லப் போகிறேன் மதினி? என்னைக் கேட்காமலே எங்கப்பா ஐ.டி.ஐ.யில் சேர்த்தார். நான் இவனைக் கேட்கத்தான் செய்கிறேன். கேட்கிற விதம்தான் சரியில்லை போல.

நான்: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

பெரியம்மா: அய்யோ.

அம்மா: எப்போதிலிருந்து?!

நான்: லாக்டவுனில் பெரியம்மாதான் சேர்த்தார்கள்.

நான்: மீன் பார்க்கப் பிடிக்கும். அதையே நான்கு வருஷம் படிக்கப் பிடிக்குமா என்று தெரியவில்லை. அப்பா கேட்டபோது இதைத்தான் சொல்ல வந்தேன். “தெரியல” வரைக்கும்தான் சொல்ல முடிந்தது.

அப்பா: சரிடா. நாளைக்குக் காலையில் கடைக்கு வா. மீதியையும் சொல். நடுவில் பேச மாட்டேன்.

சித்தி: சனிக்கிழமை பஸ் ஏறி இங்கே வா. எதிர் வீட்டு அக்காவிடம் நீயே கேள். சரிப்படவில்லை என்றால் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போ.

அக்கா: டேய், சான்றிதழ்களை ஸ்கேன் செய்து அனுப்பு. இரண்டு விண்ணப்பத்தையும் போட்டு வைப்போம். எது என்று அப்புறம் பார்க்கலாம்.

நான்: சரி அக்கா. சித்தி, பஸ்ஸை விட்டு இறங்கியதும் “அடுத்து என்ன” என்று கேட்கக் கூடாது.

சித்தி: சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறேன்.

மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான்: பார்த்துவிட்டேன் மாமா. ‘பணம் கொட்டும் 10 படிப்புகள்’.