சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: அம்மாவுக்கு நேர் விமானமா, ஃபிராங்க்ஃபர்ட் வழியா?

எல்லாருக்கும் வணக்கம். அக்காவுக்கு ஜூலையில் பிரசவம். அம்மாவை நியூயார்க் அனுப்பவேண்டும். வயது 66, சர்க்கரை உண்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே கால் வீங்கிவிடும். தனியாகத்தான் போகிறார்.

நேர் விமானம் என்றால் சுமார் 15,300 கிலோமீட்டர், ஏறக்குறைய பத்தொன்பது மணி நேரம். உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தேன், மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டிப் போகிறது! ஆனால் விமானம் பல நாள் பசிபிக் பக்கமாக, பின்னாலிருந்து தள்ளும் காற்றோடு போகுமாம். தூரம் கூடினாலும் நேரம் மிச்சம். அதில் எகானமி வகுப்பே கிடையாது, பிரீமியம் எகானமியிலிருந்துதான் ஆரம்பம். பணம் இடிக்கிறது.

ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் தூரம் ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம்தான் கூடுதல், ஆனால் மொத்தம் ஒரு நாள் ஆகிவிடும். எகானமியும் உண்டு, நடுவில் இறங்கி நடக்கலாம். அம்மாவோ "ஒரே மூச்சில் போய்விடுகிறேன், நடுவில் இறக்கிவிடாதே" என்கிறார். பாஷை தெரியாத பயம்.

வயதானவர்களை இப்படி அனுப்பியவர்கள் சொல்லுங்கள். பத்தொன்பது மணி நேரம் கால் தாங்குமா? அழுத்தக் காலுறை உதவியதா? ஃபிராங்க்ஃபர்ட்டில் சக்கர நாற்காலி உதவி சரியாகக் கிடைக்கிறதா?

அப்புறம் மாத்திரை. ஜூலையில் இரண்டு ஊருக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம், கடிகார முள்ளைத் திருப்பவே வேண்டாம், பகல்தான் இரவாகும். காலை, இரவு மாத்திரைகளை எப்படி மாற்றினீர்கள்? டாக்டரிடமும் கேட்கப்போகிறேன், உங்கள் அனுபவமும் வேண்டும். இந்த வார இறுதிக்குள் டிக்கெட் போட்டாகவேண்டும்.