உதவி: நல்ல உக்குலேலே எப்போது, எங்கே வாங்கலாம்? (சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்)

நாலுதந்தி | செவ்வாய், இரவு 11.42
வணக்கம். நல்ல யுக்குலேலி (நாலு தந்திச் சின்ன கிட்டார்) ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். மலிவானது வேண்டாம், அது ஏற்கெனவே இருக்கிறது. இப்போதே வாங்கலாமா, ஆண்டுக் கடைசி வரை பொறுக்கலாமா? இங்கே கடையில் எடுப்பதா, வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதா? கடைக்காரர் சனிக்கிழமை வரைதான் எடுத்து வைப்பேன் என்கிறார். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். நன்றி.

செந்தூல்காரன் | செவ்வாய், இரவு 11.58
மாமாக் கடையில் உட்கார்ந்து "சாப்பாடு" என்று மட்டும் சொன்ன மாதிரி இருக்கிறது அண்ணே. என்ன அளவு, என்ன விலை, எந்த ஊர்?

கிள்ளான் அக்கா | புதன், காலை 6.50
அளவு சோப்ரானோவா, கான்சர்ட்டா, டெனரா? இப்போது கையில் இருப்பது என்ன? எத்தனை வருடமாக வாசிக்கிறீர்கள்? வீட்டில் ஏர்கோன் எத்தனை மணி நேரம் ஓடும்? கடைசிக் கேள்விதான் முக்கியம், அதை விட்டுவிடாதீர்கள்.

வெள்ளிக்கணக்கு | புதன், காலை 8.15
எப்போது என்று கேட்டால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: டாலர் விலையைப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் ஒரு டாலருக்குக் கிட்டத்தட்ட 4.80 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தோம். அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் 4.12. 1,500 டாலர் சாமானுக்கு ஏழே மாதத்தில் ஆயிரம் வெள்ளி வித்தியாசம். 11.11, கறுப்பு வெள்ளி என்று தள்ளுபடி நாட்களுக்காக நம் ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஹவாய்க்காரன் செய்கிற உயர்ரக உக்குலேலேயை யாரும் பாதி விலைக்குத் தள்ள மாட்டான். வெள்ளி ஏறும்போது வாங்குவதுதான் தள்ளுபடி.

பழைய தந்தி | புதன், காலை 9.30
இதே கேள்விக்கு இங்கே பத்துத் தடவையாவது பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. முதலில் பெயரைச் சரியாக எழுதுவோம். யுக்குலேலி இல்லை, உக்குலேலே. ஹவாய் மொழியில் உக்கு என்றால் தெள்ளுப்பூச்சி, லேலே என்றால் தாவுதல். 1879-இல் மதேரா தீவிலிருந்து கப்பலேறி ஹொனோலூலு வந்த போர்ச்சுக்கீசியத் தச்சர்கள் கொண்டுவந்த சின்னக் கருவியிலிருந்து பிறந்தது. ஹவாய் நிறுவனங்களில் கமாக்கா 1916-இல் தொடங்கியது, கோஅலோஹா 1995, கனிலேஆ 1998. உயர்ரகம் என்றால் இந்த வரிசையில் ஏதாவது ஒன்று. வேறு எதையும் உயர்ரகம் என்று நான் சொல்வதில்லை.

செந்தூல்காரன் | புதன், காலை 9.41
பிறந்த வருடம் யாரும் கேட்கவில்லையே அண்ணே.

பழைய தந்தி | புதன், காலை 9.44
கேட்கத் தெரியாதவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நாலுதந்தி | புதன், மதியம் 1.05
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். டெனர். முழுக்கக் கோஆ (ஹவாய் மரம்). ஹவாயில் செய்தது. பெயரைச் சொன்னால் கடைக்காரர் என்னைக் கண்டுபிடித்துவிடுவார். 6,900 வெள்ளி சொல்கிறார். நான் பினாங்கு. ஐந்து வருடமாக வாசிக்கிறேன். இப்போது இருப்பது ஒட்டுப் பலகை டெனர், 400 வெள்ளிக்கு வாங்கியது.

கிள்ளான் அக்கா | புதன், மதியம் 1.20
ஏர்கோன் கேள்விக்குப் பதில் வரவில்லை.

சுங்கத்துறை மாப்பிள்ளை | புதன், மதியம் 2.02
(மாமனார்தான் சுங்கத்தில் இருந்தார். நான் இல்லை.) வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 500 வெள்ளிக்குள் இருந்தால் 2024 ஜனவரியிலிருந்து வந்த 10 விழுக்காடு வரியோடு கணக்கு முடிந்துவிடும். உங்களுடையது அதில் அடங்காது. இந்த வகைக் கருவிகள் சுங்கப் பட்டியலில் 9202 என்ற தலைப்பின் கீழ் வரும், அந்த எண்ணைப் போட்டு சுங்கத்தின் பக்கத்தில் வரியைப் பாருங்கள். கருவியின் விலையோடு அனுப்பும் கட்டணம், காப்புறுதி இரண்டையும் சேர்த்த தொகைக்குத்தான் வரி போடுவார்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கோஆ, அழியும் உயிரினங்களுக்கான உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் (CITES) இல்லாத மரம். ரோஸ்வுட் விரல்பலகை இருந்தாலும் 2019 நவம்பருக்குப் பிறகு முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிக்குத் தொல்லை இல்லை, பிரேசில் ரோஸ்வுட் மட்டும் விதிவிலக்கு.

ஜொகூர் பாலம் | புதன், மாலை 5.30
ஏன் இவ்வளவு சிரமம்? சிங்கப்பூர் போங்கள். பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் அடுக்கடுக்காக கிட்டார் கடைகள். பஸ் ஏறிப் போய், வாங்கி, 9 விழுக்காடு ஜிஎஸ்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு ராத்திரிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

சுங்கத்துறை மாப்பிள்ளை | புதன், மாலை 5.48
பஸ்ஸில் திரும்பினால் கிடைக்காது. சிங்கப்பூரில் சுற்றுலாப் பயணிக்குத் திருப்பித் தரும் வரி சாங்கி, செலேத்தார் விமான நிலையங்களிலும் கப்பல் முனையங்களிலும் மட்டும்தான். உட்லண்ட்ஸ் தரைவழிச் சாவடி வழியாக வருகிறவர்களுக்கு ஒரு காசு கிடையாது. இந்தப் பக்கம் நம் சுங்கத்தில் அறிவிக்கவும் வேண்டும்.

ஜொகூர் பாலம் | புதன், மாலை 5.55
அப்படியா. என் தங்கச்சி வாங்கினாளே. சரி, அவள் விமானத்தில் வந்தாள்.

பட்டறைக்காரர் | புதன், இரவு 8.40
பட்டர்வொர்த்தில் கிட்டார், உக்குலேலே பழுது பார்க்கிறேன். தம்பி, எங்கே, எப்போது என்பதெல்லாம் அப்புறம். அந்தக் கருவி கடையில் எத்தனை நாளாக இருக்கிறது, எங்கே தொங்குகிறது, அதைச் சொல்லுங்கள்.

ஒட்டுப் பலகை போல் இல்லை, கெட்டி மரத்துக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம்தான் பிடிக்கும். நம் ஊரில் ஜன்னலைத் திறந்து வைத்தால் 75, 80 சாதாரணம். மேல்பலகை இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது, குடித்த ஈரத்தை வைத்துக்கொண்டு எங்கே போகும்? உப்பிக்கொண்டு மேலே வரும், பிரிட்ஜை (தந்தி கட்டியிருக்கும் மரத்துண்டு) சேர்த்துத் தூக்கும், தந்தி உயரும், பன்னிரண்டாம் கட்டையில் (விரல்பலகையில் பதித்த உலோகக் கம்பி) சுருதி ஓடும். கடையில் பகல் முழுக்க ஏர்கோன், ராத்திரி அணைத்துவிடுவார்கள். தினமும் ஒரு தடவை உலர்த்தி, ஒரு தடவை நனைத்த கணக்கு. காட்சிக்குத் தொங்கும் உக்குலேலே அதனால் கெட்டதுதான் என்று சொல்லவில்லை. இரண்டு மழைக்காலம் தாண்டியும் நேராக நிற்கிறது என்றால் நேற்றுப் பெட்டி பிரித்ததைவிட நான் அதைத்தான் நம்புவேன்.

மழைச்சாரல் | புதன், இரவு 9.05
அண்ணே சொல்வது உண்மை. யூடியூப்பில் வெள்ளைக்காரன் சொன்னான் என்று ஈரமான ஸ்பாஞ்சை ஒலித்துளைக்குள் விட்டு ஆறு மாதம் வைத்திருந்தேன். அவன் ஊரில் குளிர்காலத்தில் மரம் காய்ந்து வெடிக்கும், அதற்கான வைத்தியம் அது. நான் கோலாலம்பூரில் உட்கார்ந்து அதைச் செய்தேன். திறந்து பார்த்தால் உள்ளே சாம்பல் பூத்த மாதிரி பூசணம், பழைய புத்தக வாசனை.

பட்டறைக்காரர் | புதன், இரவு 9.12
இந்த வருடம் மட்டும் அப்படி மூன்று பேர் வந்தார்கள்.

கிள்ளான் அக்கா | புதன், இரவு 9.30
அதற்குத்தான் ஏர்கோன் கேட்டேன். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர் அலமாரி வாங்கி ஈரத்தை 50 விழுக்காட்டில் வையுங்கள். ஈரத்தை 49 விழுக்காட்டில் நிறுத்தும் பாக்கெட்டுகளும் உண்டு, ஆனால் இங்கே சீக்கிரம் ஈரம் குடித்துத் தொளதொளவென்று ஆகிவிடும். ஈரமானியை நம்புமுன் சோதியுங்கள்: மூடி நிறைய உப்பு, சில சொட்டுத் தண்ணீர், இரண்டையும் ஜிப் பையில் மூடி ஒரு ராத்திரி. காலையில் 75 காட்ட வேண்டும். என்னுடையது 68 காட்டியது, இன்னும் அதையே வைத்திருக்கிறேன், 7 கூட்டிப் படித்துக்கொள்கிறேன்.

பலாப்பழம் | புதன், இரவு 10.10
இவ்வளவு செல்லமா ஒரு மரத்துக்கு? எங்கள் பாட்டியின் தஞ்சாவூர் வீணை பலா மரம். செந்தூல் வீட்டில் 40 வருடமாக இருக்கிறது. ஏர்கோனும் இல்லை, அலமாரியும் இல்லை. ஒரு கீறல் இல்லை. யாராவது பலா மரத்தில் உக்குலேலே செய்து கொடுத்தால் 6,900 எதற்கு?

பட்டறைக்காரர் | புதன், இரவு 10.22
வீணைக் குடம் எவ்வளவு தடிப்பு என்று தட்டிப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் பலகையோடு அதை ஒப்பிட முடியாது. பாட்டி வீணையில் மேளம் (மெழுகு வைத்து மெட்டுகளைச் சுருதிக்குப் பதிப்பது) கடைசியாக எப்போது கட்டினீர்கள்?

பலாப்பழம் | புதன், இரவு 10.25
அது வேறு விஷயம்.

மழைச்சாரல் | புதன், இரவு 10.31
வேறு இல்லை! வீணையின் மெட்டுகள் மெழுகில்தானே நிற்கின்றன? நம் வெயிலில் மெழுகு இளகி மெட்டு இறங்கும். என் தங்கை வீணையைக் காரில் ஒரு மதியம் விட்டு, ஒரு மாதம் சுருதியே சேரவில்லை.

பலாப்பழம் | புதன், இரவு 10.40
மெழுகு இளகினால் மறுபடி மேளம் கட்டிக்கொள்ளலாம். கோஆ பிளந்தால்? அதைத்தான் சொல்கிறேன்.

செந்தூல்காரன் | புதன், இரவு 10.44
கோலாலம்பூரில் மேளம் கட்டுகிறவர் யார்? நிஜமாகவே கேட்கிறேன், அக்கா வீட்டு வீணை சும்மா கிடக்கிறது.

பழைய தந்தி | வியாழன், காலை 7.00
இழை உக்குலேலேயைப் பற்றியது. வீணைக்குத் தனி இழை தொடங்குங்கள். அப்புறம், ஹவாயின் கடைசி ராணி லிலியுவோகலானி தெள்ளுப்பூச்சிக் கதையை ஏற்காமல் 'இங்கு வந்து சேர்ந்த பரிசு' என்று பொருள் சொன்னார். நேற்று எழுத விட்டுப்போனது.

ஜாவா பக்கம் | வியாழன், காலை 10.15
7,000 இல்லாமலும் நல்ல கெட்டி மரம் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லையே. போனோ என்ற உக்குலேலேயை ஜாவாவில் செய்கிறார்கள், வடிவமைப்பு ஹவாய்க்காரர்களுடையது. அகேசியா டெனரும் உண்டு. கோஆவும் அகேசியா குடும்பம்தான். மிச்சப் பணத்தில் உலர் அலமாரி வாங்கிவிடலாம்.

பழைய தந்தி | வியாழன், காலை 10.20
உயர்ரகம் கேட்டவரிடம் இதைச் சொல்வதில் பயன் இல்லை.

ஜாவா பக்கம் | வியாழன், காலை 10.22
உங்கள் கண்ணைக் கட்டிவிட்டு இரண்டையும் வாசித்துக் காட்டட்டுமா?

பட்டறைக்காரர் | வியாழன், மதியம் 12.30
தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை. சனிக்கிழமை எப்படியும் போவீர்கள், அதனால் இதை எழுதிவைக்கிறேன். ஓர் எஃகு ரூலர் கொண்டுபோங்கள். பிரிட்ஜுக்குப் பின்னால், மேல்பலகையின் குறுக்கே நிறுத்தி, மறுபக்கம் போனில் வெளிச்சம் அடியுங்கள். கொஞ்சம் மேடு இருந்தால் பயப்பட வேண்டாம், சிலர் வேண்டுமென்றே வளைத்துச் செய்வார்கள். ரூலர் ஊஞ்சலாடினால், பிரிட்ஜின் பின் விளிம்பில் காகிதம் நுழைந்தால், அதுதான் பேச்சு. அப்புறம் பன்னிரண்டாம் கட்டையில் தந்திக்கும் கட்டைக்கும் இடையில் எவ்வளவு? 2.5 முதல் 3 மில்லிமீட்டர் என்றால் சரி. 4 என்றால் கேள்வி கேளுங்கள். ஒவ்வொரு தந்தியையும் பன்னிரண்டில் அழுத்தி ஒரு தடவை, அதே இடத்தில் லேசாகத் தொட்டு மணி மாதிரி ஒலிக்க வைத்து ஒரு தடவை, டியூனரில் பாருங்கள். இரண்டும் ஒன்றாகக் காட்ட வேண்டும். கடைக்காரர் கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான். ஈரத்தால் வந்த சேதத்துக்கு உத்தரவாதம் பேசாது என்று சீட்டில் எழுதியிருக்கும், அதையும் படித்துவிடுங்கள்.

நாலுதந்தி | வியாழன், இரவு 11.50
எல்லாருக்கும் நன்றி. ராத்திரி மட்டும்தான் ஏர்கோன். கடையில் கண்ணாடி ஜன்னலுக்கு எதிரே தொங்குகிறது, இரண்டு வருடம் ஆகிறதாம். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், நான் இடது கை. தந்தியை மாற்றிக் கட்டிக்கொள்ளலாம்தானே?

கிள்ளான் அக்கா | வெள்ளி, காலை 6.40
ஐயோ.

பட்டறைக்காரர் | வெள்ளி, காலை 7.15
இதை முதலில் சொல்லியிருந்தால் வீணை வரைக்கும் போயிருக்க மாட்டோம். வெறுமனே மாற்றிக் கட்ட முடியாது. நட்டில் (கழுத்து உச்சியில் தந்தி உட்காரும் துண்டு) உள்ள பள்ளங்கள் தந்திக்குத் தந்தி வேறு அகலம், புது நட்டு போட வேண்டும். சேடிலை (பிரிட்ஜ் மேல் தந்தி படியும் துண்டு) தந்திக்குத் தந்தி இழைத்துச் சரிசெய்திருந்தால் அதுவும் தலைகீழாகும். மேல்கட்டைகளுக்குக் கை போகக் கழுத்தோரம் உடம்பில் ஒரு பக்கம் வெட்டு வைத்த டெனரா? பிக்கப் (ஒலிவாங்கி) குமிழ் எந்தப் பக்கம்? வெட்டு இல்லாத உடம்பு என்றால் நானே செய்து தருகிறேன், 150 வெள்ளிக்கு மேல் போகாது. வெட்டு இருந்தால் அது தப்பான பக்கம் வந்துவிடும், மேல்கட்டைகளுக்குக் கை போகாது.

வெள்ளிக்கணக்கு | வெள்ளி, காலை 8.00
இடது கை என்றால் செய்கிறவர்களிடமே ஆர்டர் கொடுங்கள். அப்படியே டாலரும் இறங்கலாம்.

நாலுதந்தி | ஞாயிறு, காலை 9.20
வாங்கவில்லை. ரூலர் ஆடியது. பன்னிரண்டில் நாலரை. கடைக்காரர் 500 குறைக்கிறேன் என்றார். நன்றி எல்லாருக்கும்.

பட்டறைக்காரர் | ஞாயிறு, காலை 9.31
வெட்டு இருந்ததா?

கிள்ளான் அக்கா | ஞாயிறு, காலை 10.02
அடுத்து எங்கே பார்க்கப் போகிறீர்கள்? உலர் அலமாரியை முதலில் வாங்குங்கள், அது இடது கை வலது கை பார்க்காது.

செந்தூல்காரன் | புதன், இரவு 8.15
நாலுதந்தி அண்ணே? அந்த 500 குறைத்த விலையில் இன்னும் இருக்கிறதா? நான் வலது கை.