தற்கொலை எண்ணம் வரும் மனக் கொந்தளிப்பின் உச்சத்தில் எது உதவுகிறது, எது உதவாது: அனுபவப் பகிர்வு

மனநல ஆலோசகர்:
"சாகணும்னு இல்லை, இந்த வேதனை நின்னா போதும்." ஆலோசனைக்கு வருபவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதற்குப் பதிலாக வாழ்க்கையின் அருமையை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தால், அவர் அதோடு வாயை மூடிக்கொள்வார். வேதனையைக் குறைக்கத் தனக்கு வேறு வழி இல்லை என்று அவர் நம்புகிறார் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்.

உளவியலாளர்கள் கிராட்ஸும் ரோமரும் 2004இல் வெளியிட்ட 36 கேள்விகள் கொண்ட அளவுகோல், உணர்ச்சியைக் கையாள்வதில் வரும் சிக்கல்களை ஆறாகப் பிரிக்கிறது. உணர்ச்சியைக் கவனிக்காமல் விடுவது, வந்தது கோபமா அவமானமா என்றே புரியாதது, அப்படி உணர்ந்ததற்காகத் தன்னையே நொந்துகொள்வது, வேலையில் மனம் நிலைக்காதது, உந்துதலை நிறுத்த முடியாதது, 'என்ன செஞ்சாலும் இது குறையாது' என்ற எண்ணம். தற்கொலை எண்ணம் இருப்பவரிடம் கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

கத்துபவரைப் பற்றி வீட்டில் எல்லோரும் கவலைப்படுவார்கள். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு சிரிப்பவரை யாரும் கண்டுகொள்வதில்லை. அடக்கும்போது முகம்தான் அமைதியாகிறது, உடம்பின் பதற்றம் அப்படியே இருக்கிறது. உதவிக்கு வரக்கூடியவர்களுக்கும் விஷயம் தெரியாமல் போகிறது.

ஹெல்ப்லைன் தன்னார்வலர்:
அழைப்பவரிடம் '0 முதல் 10 வரை இப்ப எவ்வளவு தாங்க முடியலை?' என்று கேட்பது வழக்கம். 7, 8 என்றால் யோசிக்கச் சொல்லும் எதுவும் எடுபடாது. முதலில் உடம்பைத் தணிக்க வேண்டும். உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கிய டி.பி.டி. என்ற, கடுமையான உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் மனநலச் சிகிச்சையில் இதற்கென்றே பயிற்சிகள் உண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குக் கீழும் கன்னத்திலும் சுமார் 30 விநாடி குளிர்ந்த நீர் படச் செய்தால் இதயத் துடிப்பு குறையும். நீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக் கூடாது. இதயக் கோளாறு அல்லது உண்ணுதல் கோளாறு (பட்டினி கிடப்பது போன்ற மனநலச் சிக்கல்) உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யவே கூடாது. அவர்களுக்கு மூச்சுப் பயிற்சி போதும்: 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே, ஐந்து நிமிடம்.

சொதப்புவது எங்கே என்றால், வாழ்க்கையில் முதல் தடவையாக இதை 9இல் இருக்கும்போது செய்து பார்ப்பார்கள். பலிக்காது. 'பார்த்தியா, எதுவுமே உதவாது' என்ற எண்ணம் இன்னும் இறுகிவிடும். மனசு 3, 4இல் இருக்கும்போதே பழகி வைக்க வேண்டும். தண்ணீரின் பலன் சில நிமிடங்கள்தான். அந்த இடைவெளியில் ஒருவருக்குப் போன் போட்டுவிட வேண்டும்.

'தற்கொலை எண்ணம் வருதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை.

மனநலப் பிரிவு நர்ஸ்:
அந்தப் போன் யாருக்கு என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கத்தான், ஸ்டான்லி, பிரவுன் என்ற இரு உளவியலாளர்கள் உருவாக்கிய ஸ்டான்லி–பிரவுன் பாதுகாப்புத் திட்டம். ஆறு படிகள்: எச்சரிக்கை அறிகுறிகள், தானே செய்யக்கூடியவை, மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடிய உறவுகள், மருத்துவ உதவி எண்கள், சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பாக்குவது. எழுதுவது அவருடைய சொந்த வார்த்தையில் இருக்க வேண்டும். 'மனசு சரியில்லை' என்பது அறிகுறி அல்ல. 'ரெண்டு ராத்திரி தூக்கம் இல்லை, போனை எடுக்கப் பிடிக்கலை, எல்லாருக்கும் நான் பாரம்னு தோணுது' என்று இருந்தால்தான் நேரத்துக்குப் பிடிக்க முடியும். ஆபத்து கூடினால் படிகளைத் தாண்டி நேராக மருத்துவ உதவிக்குப் போகலாம். இதைச் சொல்லித் தராவிட்டால் சிலர் வரிசை தவறக் கூடாது என்று காத்திருப்பார்கள்.

ஆறாவது படிதான் எனக்கு முக்கியம். மற்றதற்கெல்லாம் அந்த நேரத்தில் அவர் ஏதாவது செய்தாக வேண்டும். ஆபத்தான பொருள்களை வேறொருவர் பொறுப்பில் முன்பே ஒப்படைத்துவிட்டால், உச்சம் தணியும்வரை அதுவே காக்கும். 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அவசரப் பிரிவில் இந்தத் திட்டத்தோடு பின்தொடர் தொலைபேசி அழைப்புகளும் கிடைத்தவர்களிடம் ஆறு மாதங்களில் தற்கொலை சார்ந்த நடத்தை சுமார் 45 சதவீதம் குறைவாக இருந்தது. 'செஞ்சுக்க மாட்டேன்' என்று சத்தியம் வாங்குவதை விட்டுவிடுங்கள். அடுத்த முறை எண்ணம் வரும்போது, வாக்குத் தவறியதாக வெட்கப்பட்டுச் சொல்லாமல் மறைப்பார்.

மனநல ஆலோசகர்:
ஒன்று விட்டுப்போனது. பல நாள் கொந்தளித்தவர் திடீரென்று அமைதியானால், தேறிவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். அன்றைக்கே நேராகக் கேளுங்கள். திட்டமோ நோக்கமோ இருப்பதாகச் சொன்னால் தனியே விடாமல் கூடவே இருந்து, அவசர உதவி எண்ணை அழையுங்கள் அல்லது மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.