கத்தி செய்யப் பழக விலை கம்மியான பிளேடு பிளாங்க் வாங்கலாமா?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே, கத்தி செய்யணும்னு ரொம்ப நாள் ஆசை, ஆனா உலையும் இல்ல பெல்ட் கிரைண்டரும் இல்ல, அதனால கத்தி வடிவத்துல வெட்டி ரெடியா வர்ற பிளாங்க் வாங்கி பிடி மட்டும் போட்டு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். ஆன்லைன்ல டமாஸ்கஸ்னு (வேற வேற ஸ்டீலை சேர்த்து அடிச்சு, மேல அலை அலையா வரி தெரியிறது) ரொம்ப சீப்பா நிறைய வருது, பாக்கவும் அழகா இருக்கு. வாங்கலாமா? முதல் ரெண்டு மூணு கெட்டுப்போகும்னு தெரியும், அதான் காசு அதிகம் போட யோசனை.

பதில் 1:
டமாஸ்கஸ் இப்போ வேணாம் ப்ரோ. ரொம்ப மலிவா வர்றதுல எந்த ஸ்டீலை எதோட சேர்த்து அடிச்சாங்கன்னே சொல்லமாட்டாங்க, சிலதுல அந்த வரி மேலாப்புல போட்டதுதான், உப்புத்தாள் போட்டா போயிடும். ஒரே ஸ்டீல்ல வர்றதா எடுங்க. 1084, 1095, 80சிஆர்வி2, ஸ்டெயின்லெஸ்னா 440சி, இப்படி பேரு தெளிவா இருக்கணும், 'ஹை கார்பன்'னு மட்டும் போட்டிருந்தா விட்டுடுங்க. ஹீட் ட்ரீட்மென்ட், அதாவது ஸ்டீலை சூடாக்கி குளிர வச்சு பதம் ஏத்துறது, முடிஞ்சதான்னும் கேளுங்க, உங்ககிட்ட உலை இல்லாததால இதுதான் முக்கியம். வந்ததும் வெட்டுற ஓரத்துக்குப் பக்கத்துல நல்ல அரத்தை வச்சு ரெண்டு மூணு இழு இழுங்க, சறுக்கினா பதம் ஏறியிருக்கு, கடிச்சு பொடி கொட்டினா மெத்துனு இருக்கு, அதுல கூர் நிக்காது.

பதில் 2:
மேல சொன்னது சரி. ஒண்ணு சேர்த்துக்கோங்க, நல்ல பிளாங்க்கையும் சாணையில கெடுக்கலாம். என் முதல் பிளாங்க்ல கூர் ஏத்துறேன்னு கிரைண்டர்ல அழுத்திப் பிடிச்சேன், முனை நீலமா மாறிடுச்சு. கார்பன் ஸ்டீல்ல நீலம்னா கிட்டத்தட்ட 300 டிகிரி சூடு, டெம்பர் பண்றதே (பதம் ஏத்தினப்புறம் உடையாம இருக்க திரும்ப மிதமா சூடாக்குறது) பெரும்பாலும் 200 டிகிரி பக்கம்தான், அதனால அந்த இடம் இளகிப்போச்சு, அப்புறம் எவ்வளவு தீட்டியும் ரெண்டே நாள்ல மழுங்கிடும். கையால கல்லுல தீட்டுங்க, நேரம் ஆகும் ஆனா பிளேடு பொழைக்கும்.

பதில் 3:
பிடி பத்தி யாரும் சொல்லலையே. பிடி நீளம் முழுக்க ஸ்டீல் வர்ற ஃபுல் டேங் பிளாங்க்கா வாங்குங்க, புதுசா பழகறவங்களுக்கு அதான் ஈஸி. பிடிக்கு ரெண்டு பக்கமும் ஒட்டுற மரத்துண்டுகள்ல பிளேடு பக்கம் வர்ற முன் ஓரத்தை ஒட்டுறதுக்கு முன்னாடியே தேய்ச்சு பாலிஷ் பண்ணி முடிச்சிடுங்க, ஒட்டினப்புறம் அங்க கை வச்சா பிளேடு கீறல் விழும். பிடி வர்ற இடத்துல ஸ்டீலை 80 கிரிட் உப்புத்தாள்ல சொரசொரப்பாக்கி அசிட்டோன் போட்டு தொடைங்க, எபாக்ஸி பசை தடவி கிளாம்ப் போடும்போது இறுக்கிப் பிழிஞ்சிடாதீங்க, பசையெல்லாம் வெளிய வந்து உள்ள ஒண்ணும் இருக்காது. ஒரு நாள் அப்படியே விடுங்க. பிளேடுல தடிமனா டேப் சுத்திட்டுதான் எந்த வேலையும், மரத்தூளுக்கு நல்ல மாஸ்க்கும் வேணும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். 1095-ல ஹீட் ட்ரீட்மென்ட் முடிஞ்ச ஃபுல் டேங் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். பிடியை இறுக்குற பின் (ஆணி மாதிரி கம்பி) போற ஓட்டை சின்னதா இருந்தா நானே டிரில் பண்ணி பெருசாக்கிக்கலாமா?

பதில் 1:
பதம் ஏறின ஸ்டீல்ல சாதா டிரில் பிட் மழுங்கிடும் ப்ரோ, கார்பைடு பிட் வேணும். ஓட்டையோட அளவைக் கேட்டு அதுக்கு ஏத்த பின் வாங்கிடுங்க. 1095 சீக்கிரம் துருப்பிடிக்கும், வேலை நடக்கும்போதே எண்ணெய் தடவி வைங்க, ஒட்டப்போற இடத்துல மட்டும் படாம.