பழைய கோவா: ஊர் அழிந்தும் கோவில்கள் நின்றது எப்படி?

மணப்பாட்டான்:
புனித பிரான்சிஸ் சவேரியார் திருநாளையொட்டி பங்கு மக்கள் பழைய கோவா போகிறார்கள். அவர்களுக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுத வேண்டியிருக்கிறது. தேடினால் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. "1759-ல் கொள்ளைநோய் வந்தது, ஒரே ஆண்டில் ஊர் காலி" என்று ஒரு தளம். "சவேரியார் கட்டிய பொம் ஜேசு கோவில்" என்று இன்னொன்று. என் கேள்விகள்: இவ்வளவு பெரிய நகரம் எதனால் அழிந்தது? மற்ற கோவில்கள் வெள்ளையாக இருக்க, பொம் ஜேசு மட்டும் ஏன் செங்கல் நிறத்தில் நிற்கிறது? சவேரியார் உடலை எல்லோரும் பார்க்க வெளியே வைக்கும் காட்சிவைப்பு முடிந்துவிட்டதே, இப்போது போனால் அந்த உடலைப் பார்க்க முடியுமா? எங்கே தொடங்கி எந்த வரிசையில் நடப்பது?

துறைமுகத்தான்:
அந்த இரண்டு வரிகளையும் முதலில் அடித்துவிடுங்கள். சவேரியார் 1552 டிசம்பர் 3-ல் சீனக் கரையோரம் சாங்சுவான் தீவில் இறந்தார். உடல் மலாக்கா வழியாக 1554 மார்ச்சில் கோவா வந்தது. பொம் ஜேசுவுக்கு அடிக்கல் போட்டதே 1594 நவம்பர் 24-ல்தான், அர்ச்சிப்பு 1605-ல். அவர் கோவா வந்து இறங்கிய 1542-ல் அந்த இடத்தில் இந்தக் கோவிலே இல்லை.

ஊர் அழிந்தது ஒரே ஆண்டில் அல்ல, ஏறக்குறைய 200 ஆண்டுகளில். 1510 நவம்பர் 25-ல் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க் பிஜாப்பூர் அடில்ஷாகிகளிடமிருந்து இரண்டாம் முறை பிடித்தபோதே இது கொழித்த துறைமுகம். அரபுக் குதிரைகள் மாண்டவி ஆற்றங்கரையில் இறங்கி விஜயநகரம் போகும். அந்தச் சுங்கமே பெரிய வருமானம். 1530-ல் கீழைத்தேசப் போர்த்துக்கீசிய ஆட்சிக்கே தலைநகரானது, 1534-ல் மறைமாவட்டமும் ஆனது. 1565-ல் தலைக்கோட்டைப் போரோடு விஜயநகரம் சாய்ந்ததும் குதிரை வியாபாரம் படுத்துவிட்டது. அப்புறம் டச்சுக்காரர்கள். மாண்டவி முகத்துவாரத்தையே கப்பல் நிறுத்தி மறித்தார்கள். 1641-ல் மலாக்கா, 1658-ல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும், 1663-ல் கொச்சி என்று ஒவ்வொன்றாகக் கைமாறின. கோவாவுக்குச் சரக்கு வந்த வழிகளெல்லாம் அடைபட்டன.

நோயும் உண்மைதான், ஆனால் அது 1543-லேயே வாந்திபேதியாக வந்துவிட்டது. இங்குள்ள செம்புரை (லேட்டரைட்) மண் நீரை உறிஞ்சும். ஒரு பெருநகரத்தின் கழிவு முழுக்க மண்ணுக்குள் இறங்கிக் கிணறுகளில் கலந்தது. தேங்கிய குளங்களும் ஆற்றோரச் சேறும் மலேரியாவைப் பெருக்கின. பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு: உச்சத்தில் சுமார் 2 லட்சம் பேர், 1695-ல் 20,000, 1775-ல் 1,600. நடுவே இருக்கிற 1695 எண்ணைப் பாருங்கள். போர்த்துக்கீசிய வைஸ்ராய் 1759 டிசம்பரில் பஞ்சிம் (இன்றைய பணஜி) அடில்ஷா மாளிகைக்குக் குடிபெயரும் முன்பே ஊர் ஏறக்குறைய காலி. போர்த்துக்கல் முதலமைச்சர் போம்பால் 1770-களில் நகரத்தைத் திரும்பக் கட்டச் சொன்னார். வேலையாட்கள் காய்ச்சலில் மடிந்ததால் அது நின்றுபோனது. காகிதத்தில் தலைநகர் என்ற பெயர் மட்டும் 1843 வரை இங்கேயே இருந்தது. வீடுகளின் கல்லும் மரமும் பஞ்சிம் கட்டப் போய்ச் சேர்ந்தன. அதனால்தான் கோவில்களுக்கு இடையில் இவ்வளவு வெற்றிடம்.

காரைச்சாந்து:
மேலே சொன்னதோடு ஒன்று. கோவில்களும் எல்லாம் தப்பவில்லை. 1759-ல் இயேசு சபையை வெளியேற்றினார்கள், 1835-ல் மற்ற ஆண்துறவு சபைகளையும் கலைத்தார்கள். பேராலயம், சவேரியார் உடல் இருக்கும் பொம் ஜேசு போன்றவற்றில் வழிபாடு தொடர்ந்தது, ஆள் இருந்தது. துறவிகளை மட்டும் நம்பி நின்ற மடங்கள் மண்ணோடு போயின. கண்ணெதிரே இருக்கும் சாட்சி புனித அகுஸ்தினார் கோவில். 1602-ல் முடிந்த கட்டடம், 1835-ல் கைவிடப்பட்டது, ஏழே ஆண்டில், 1842-ல், வளைவுக்கூரை விழுந்தது. 1931-ல் முகப்பும் கோபுரத்தில் பாதியும் சரிந்தன. மிச்சம் நிற்கிற 46 மீட்டர் கோபுரத்தைத்தான் இன்று பார்க்கிறோம். ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊர். கூரையில் ஒரு ஓடு நகர்ந்தால் போதும், தண்ணீர் சுவருக்குள் இறங்கிச் சாந்தைக் கரைக்கும், அந்த இடுக்கில் அரசமரம் வேர்விடும்.

இதிலேயே உங்கள் நிறக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. எல்லாக் கோவில்களும் ஒரே செம்புரைக்கல்தான். வெட்டும்போது மெத்தென்று இருக்கும், காற்றுப் பட்டால் இறுகும், ஆனால் உள்ளே முழுக்கத் துளை. மேலே சுண்ணாம்புப் பூச்சு இருந்தால்தான் மழைக்குத் தாங்கும். பொம் ஜேசுவும் பூச்சோடு இருந்த கோவில்தான். 1950-களில் போர்த்துக்கீசியக் கட்டடக்கலைஞர் ஒருவர் "பழமை தெரியட்டும்" என்று வெளிப்பூச்சை உரித்தார். முகப்பின் தூண்களும் செதுக்கு வேலைகளும் மும்பைக்கு அருகிலுள்ள வசாயிலிருந்து கொண்டுவந்த கருங்கல், அவை கெடவில்லை. செம்புரைச் சுவர்தான் மழைக்கு மழை தேய்கிறது. பக்கச் சுவரை நெருங்கிப் பாருங்கள்: கல் உள்வாங்கி, கற்களுக்கு இடையிலுள்ள சாந்துக்கோடு மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும்.

மறுபடி பூச வேண்டும் என்பவர்கள் உண்டு, செந்நிறம்தான் அடையாளம், தொடாதே என்பவர்களும் உண்டு. என் கட்சி முதலாவது. ஆனால் சுண்ணாம்புதான், சிமென்ட் கூடவே கூடாது. சிமென்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும், உப்புப் பூத்துக் கல் உதிரும், பூச்சும் பாளம் பாளமாகப் பெயரும்.

மணப்பாட்டான்:
மிக்க நன்றி. குறிப்பில் அகுஸ்தினார் கோபுரத்துக்குத் தனிப் பத்தி போடுகிறேன். காட்சிவைப்பு பற்றியும் நடக்கும் வரிசை பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

கோட்டாறு வாசகன்:
காட்சிவைப்பு ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை. முதல் பொதுக் காட்சிவைப்பு 1782-ல். கடைசியாக நடந்தது 18-வது, 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை. அப்போது உடலைப் பொம் ஜேசுவிலிருந்து எதிரே உள்ள சே பேராலயத்துக்குப் பவனியாகக் கொண்டுபோய்த் தரைமட்டத்தில் வைப்பார்கள். மற்ற நாட்களில் வெள்ளிப் பேழை பொம் ஜேசுவுக்குள், உயரமான பளிங்கு மேடைமேல் இருக்கும். கீழிருந்து கண்ணாடி வழியே மங்கலாகத்தான் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வயதானவர்கள் தொட்டு வணங்கலாம் என்று நினைத்து வந்து ஏமாறுகிறார்கள்.

பேழை 1637-ல் முடிந்தது, கோவா தட்டார்கள் செய்தது. சவேரியார் வாழ்க்கைக் காட்சிகள் 32 தகடுகளில் உண்டு. மேடை டஸ்கனி பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ அனுப்பியது, சிற்பி ஃபோஜினி, இங்கே பொருத்தியது 1698-ல். வலது முன்கை இங்கே இல்லை, 1614-ல் வெட்டி ரோமுக்கு அனுப்பியாயிற்று.

திருநாள் டிசம்பர் 3, நவநாள் நவம்பர் 24 முதல் டிசம்பர் 2 வரை. திருப்பலி கோவிலுக்கு வெளியே பந்தலில் நடக்கும். சாலைகளை அடைத்துவிடுவதால் வண்டியைத் தள்ளித்தான் நிறுத்த முடியும். கோவில்களை நிதானமாகப் பார்க்க நினைத்தால் திருநாளன்று வேண்டாம், இரண்டு நாள் தள்ளி வையுங்கள். ரயிலில் வந்தால் கர்மாலி நிலையத்தில் இறங்குங்கள், மட்காவில் இறங்க வேண்டாம்.

வரிசைக்கு வருவோம். பேருந்து விடும் இடத்தில் தொடங்காமல் ஆற்றங்கரைப் படகுத்துறையில் தொடங்குங்கள். அந்தக் காலத்தில் ஊருக்குள் நுழைந்ததே அந்த வழி. அங்கிருந்து வைஸ்ராய் வளைவு. வாஸ்கோட காமாவின் கொள்ளுப்பேரன் கட்டியது, இப்போது நிற்பது 1954-ல் திரும்பக் கட்டியது. தாண்டியதும் ரோம் புனித பேதுரு பேராலயத்தை மனதில் வைத்து தெயாத்தின் துறவு சபையார் கட்டிய கயத்தான் கோவில், பக்கத்திலேயே பழைய கோவாவில் இருந்த அடில்ஷா மாளிகை வாசலின் மிச்சம். பிறகு சே பேராலயம். இரட்டைக் கோபுரத்தில் ஒன்று 1776-ல் விழுந்தது, அதனால்தான் முகப்பு ஒருபக்கமாகத் தெரிகிறது. ஒட்டியே அசிசியார் கோவில், அதன் மடத்தில் தொல்லியல் அருங்காட்சியகம், வெள்ளிக்கிழமை விடுமுறை. பின்பு சாலையைக் கடந்து பொம் ஜேசு. வெயில் தாழ்ந்ததும் மேற்கே மேடேறி அகுஸ்தினார் கோபுரமும் செபமாலை மாதா கோவிலும்.

காரைச்சாந்து:
அகுஸ்தினார் பத்தியில் இதையும் சேருங்கள். அந்தக் கோபுரத்தின் மணி வீணாகவில்லை. 1871-ல் பஞ்சிம் அமலோற்பவ மாதா கோவிலில் ஏற்றினார்கள், இன்றும் அங்கேதான் இருக்கிறது. திரும்பும் வழியில் பஞ்சிமில் இறங்கினால் அந்த வெள்ளைப் படிக்கட்டுக் கோவிலையும் காட்டிவிடலாம்.