ஜூன் விடுமுறைப் படகுப் பயணம்: குடும்பக் குழு

குமரன்: பாய்ப்படகு பார்த்துவிட்டேன். கட்டமரான், அதாவது இரட்டை அடிப்பாகம் உள்ள படகு. மற்றப் பாய்ப்படகு மாதிரி ஒரு பக்கமாகச் சாயாது, பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அதுதான் சரி. செந்தோசாவில் ஏறி லாசரஸ் தீவு, அப்புறம் கூசு தீவு.

மாலா சித்தி: வெயிலுக்கு முன்னால் 7 மணிக்கே கிளம்பலாமே?

குமரன்: வேண்டாம் சித்தி. ஜூனில் சுமத்ரா புயற்காற்று வரும். மலாக்கா நீரிணைப் பக்கம் திரண்டு, பெரும்பாலும் விடியலிலோ காலையிலோதான் இங்கே அடிக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். 10 மணிக்கு மேல் ஏறுவோம். படகோட்டி வானத்தைப் பார்த்து வேண்டாம் என்றால் வேண்டாம்தான், யாரும் அவரை வற்புறுத்தக் கூடாது.

நிலா: சிஸ்டர்ஸ் தீவுக்கும் போகலாமா அண்ணா? பவளப்பாறை பார்க்க வேண்டும்.

குமரன்: அங்கே இரண்டு தீவுக்கும் நடுவில் நீரோட்டம் கடுமை. சின்னப் பிள்ளைகளோடு எனக்குத் துணிச்சல் இல்லைம்மா. லாசரஸ் குடாவில் அலை குறைவு, அடியில் மணல். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நீந்தலாம்.

தாத்தா: குமரா, லாசரஸுக்குப் பக்கத்தில்தானே செயின்ட் ஜான்ஸ்? எனக்கு அங்கே போக வேண்டும். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி வந்தோம். அறை இல்லாமல் டெக்கில், கப்பலின் திறந்த தளத்தில், வந்தவர்களை ஊருக்குள் விடாமல் அந்தத் தீவில்தான் இறக்கினார்கள். எங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்து துணியெல்லாம் அள்ளிக்கொண்டு போய் ஆவியில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அம்மாவின் கல்யாணச் சேலை சுருங்கிப்போய் வந்தது. அதை மடியில் போட்டு, கையால் நீவி நீவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

செல்வி அத்தை: அப்பா, இதை நீங்கள் எங்களிடம் சொன்னதே இல்லையே!

குமரன்: தாத்தா, 1874இல் தொடங்கிய தொற்றுநோய்த் தடுப்பு முகாம் அது. நம் ஆட்கள் எத்தனையோ பேர் சிங்கப்பூரில் முதலில் மிதித்த மண். பிள்ளைகள் அதை உங்கள் வாயால், அங்கேயே நின்று கேட்க வேண்டும். கட்டாயம் போகிறோம்.

தாத்தா: படகிலிருந்து இறங்க முழங்கால் விடுமா?

குமரன்: விடாது. குடாவில் நங்கூரம் போட்டால் கரைக்கு ரப்பர் படகில்தான் போக முடியும். அதனால் நீங்களும் அத்தையும் மரினா சவுத் படகுத்துறையில் ஃபெரி ஏறுங்கள். எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்திலேயே. அரை மணி நேரத்தில் செயின்ட் ஜான்ஸ் துறையில் இறக்கிவிடும். லாசரஸிலிருந்து அங்கே நடைபாதை இருக்கிறது, நாங்கள் நடந்தே வந்துவிடுவோம்.

மாலா சித்தி: அப்படியென்றால் கூசு? தம்பிக்கு ஆமை காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

குமரன்: ஒரே நாளில் அதையும் சேர்த்தால் தாத்தாவை அவசரப்படுத்த வேண்டியிருக்கும் சித்தி. கூசுவுக்கு எந்தச் சனிக்கிழமையும் ஃபெரியில் போகலாம், நானே அவனைக் கூட்டிப் போகிறேன்.

மாலா சித்தி: சரி, அதுவும் நியாயம்தான்.

செல்வி அத்தை: செயின்ட் ஜான்ஸில் கடை கிடையாது. புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் நான் கட்டுகிறேன். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டு வாருங்கள்.

தாத்தா: எனக்குத் தயிர்ச்சோறு.

குமரன்: ஃபெரிச் சீட்டு இன்றைக்கே போடுகிறேன். படகுக்கு யார் யார் என்று இரவுக்குள் பெயர் கொடுங்கள், பிள்ளைகளின் எடையும் வேண்டும். லைஃப் ஜாக்கெட் அளவு அதைப் பார்த்துத்தான் எடுத்து வைப்பார்கள்.